சீட்டியில் முடிந்த பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது, அதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன என்று சென்ற இதழில் ஓர் ஓரமாகக் கட்டம் கட்டிக் கேட்டிருந்தோம். சித்திரைத் திருவிழாவுக்கு வீதிக்கு வீதி குழாய் ஒலிபெருக்கி கட்டுகிற ஊரில் இந்தப் பாட்டுகளைக் கேட்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த கடிதங்கள் அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிட்டன. இடம் கருதிச் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஓட்டிஸ் ரெட்டிங் என்பவர் பாடிய பாட்டு ஒன்றைப் பேரன் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். துறைமுகத்தில் உட்கார்ந்து பொழுதைக் கழிப்பதாகப் பாடிக்கொண்டே வந்தவர், கடைசியில் வாயால் சீட்டியடிக்கிறார். வேண்டுமென்றே அடித்தாரா, வரி மறந்துபோய் அடித்தாரா? (ஓய்வுபெற்ற கைத்தறி நெசவாளர், செல்லூர்)

பதில்: நெசவாளரின் கண்ணுக்கு இழை அறுந்த இடம் தப்பாது என்பார்கள், உங்கள் காதுக்கும் தப்பவில்லை. அந்தப் பாட்டின் பெயர் ‘தி டாக் ஆஃப் தி பே’. 1967ஆம் ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையில் உள்ள சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது, கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு ரெட்டிங் அதன் தொடக்க வரிகளை எழுதினார். மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்தபின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பருடன் அமர்ந்து மீதியை முடித்தார். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாட்டின் முடிவில் மனத்தில் தோன்றியதைப் பேசியும் கூவியும் நீட்டிக்கொண்டு போவது ரெட்டிங்கின் வழக்கம். அன்று அந்த இடம் வந்தபோது சொல்ல நினைத்திருந்தது நினைவுக்கு வரவில்லை, அதனால் சீட்டியடித்தார் என்று கிராப்பர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு வேறு எதையேனும் வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்திருந்தாலும் அதற்கு வாய்ப்பு அமையவில்லை. 1967 டிசம்பர் 10ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரத்தில் கச்சேரிக்காகச் சென்ற அவருடைய சிறு விமானம் மொனோனா ஏரியில் விழுந்தது. அவருக்கு வயது 26. உடன் சென்ற ‘பார்-கேஸ்’ குழுவின் இளைஞர்களில் நால்வரும் மாண்டனர்; டிரம்பட் வாசித்த பென் காலி மட்டும் இருக்கைத் திண்டைப் பற்றிக்கொண்டு குளிர்நீரில் மிதந்து உயிர் தப்பினார். அந்த விமானத்தில் இடம் போதாமையால் வேறு விமானத்தில் வந்த பேஸ் கிட்டார் கலைஞரும் பிழைத்தார்.

நண்பனை இழந்த அந்த நாட்களில்தான் கிராப்பர் பதிவு அறையில் அமர்ந்து, அலையோசையும் கடற்பறவைகளின் ஒலியும் சேர்த்து அந்தப் பாட்டை முடித்துக் கொடுத்தார். 1968 ஜனவரியில் வெளிவந்து அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பாடியவர் மறைந்தபின் அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் பாட்டு அதுவே. எனக்கு அது கிடைத்தது திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், உறைகூட இல்லாத இசைத்தட்டாக, இரண்டு பழைய மிக்ஸிகளுக்கு நடுவில். சரியாகச் சீட்டி தொடங்கும் இடத்தில் ஒரு கீறல். ஊசி அங்கே தாவிப் பாட்டு சட்டென்று நின்றுவிடும். ஆகவே, நீங்கள் கேட்கும் அந்தச் சீட்டியை நான் முழுமையாகக் கேட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறேன். சோல் பாடகர்கள் இழுத்துப் பாடுவதும், இடையில் கூவுவதும், பின்பாட்டுக்காரர்கள் பதில் சொல்வதும் எங்கள் உபவாசக் கூட்டங்களை நினைவூட்டுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, பசுமலை)

பதில்: தொடர்பு என்று சொல்வது குறைவு, அது தாய்வீடு. 1954இல் ரே சார்ல்ஸ், வானொலியில் கேட்ட ஒரு கிறிஸ்தவப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து ‘ஐ காட் எ வுமன்’ என்று பாடிப் பதிவு செய்தார். ஆலயம் செல்வோர் பலர் முகம் சுளித்தார்கள், இளைஞர்கள் ஆடினார்கள். சோல் என்ற வகை பிறந்த இடமாகப் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். (இதை ‘ஆன்ம இசை’ என்று மொழிபெயர்த்து எழுதுவோர் உண்டு. எனக்கு அது உவப்பாக இல்லை. பஜனை மடத்தின் அறிவிப்புப் பலகை போல ஒலிக்கிறது. சோல் என்றே எழுதுவோம்.)

நீங்கள் சொல்லும் அந்தப் பதில் சொல்லும் முறையை அரீத்தா ஃபிராங்க்ளினிடம் கேளுங்கள். தந்தையார் டெட்ராய்ட் நகரத்தில் பெயர்பெற்ற போதகர். மகள் ஆலயத்தில் பாடி வளர்ந்தவர். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை 1965இல் முதலில் எழுதிப் பாடியவர் மேலே சொன்ன அதே ஓட்டிஸ் ரெட்டிங்தான். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் கேட்கும் மரியாதை அது. 1967இல் அரீத்தா அதை எடுத்து, கேட்பவளைப் பெண்ணாக்கி, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி என்று அடுக்கி, உடன்பிறந்த சகோதரிகளைப் பின்பாட்டில் நிறுத்தினார். எழுத்துக் கூட்டும் அந்தப் பகுதி ரெட்டிங்கின் பாட்டில் இல்லவே இல்லை. அந்த ஆண்டு கலிபோர்னியாவின் மான்டெரே இசை விழா மேடையில் ரெட்டிங்கே, இது ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டு என்று சிரித்துக்கொண்டு அறிவித்துவிட்டுத்தான் பாடினார்.

உங்களைப் போன்ற ஆலயப் பாடகர் அவசியம் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு சிறு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இரண்டு இரவுகள் அரீத்தா பாடிய பாமாலைகள் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டாக அதே ஆண்டு வெளிவந்து, அவர் வெளியிட்டவற்றிலேயே மிகுதியாக விற்றது. ஆனால் அந்த இரவுகளைப் படம்பிடித்த இயக்குநர் சிட்னி போலக், காட்சிக்கு முன் அடிக்கும் கிளாப் பலகையைப் பயன்படுத்தவில்லை. அதனால் உதட்டசைவையும் ஒலியையும் பொருத்த வழியின்றிப் படச்சுருள்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஆண்டுகள் கழித்துக் கணினியின் உதவியால் அவற்றைப் பொருத்தினார்கள். அதன்பின் அரீத்தாவே நீதிமன்றம் சென்று தடுத்தார். 2018இல் அவர் மறைந்த பிறகே படம் திரைக்கு வந்தது. வியர்வை வழியப் பாடும் அவர் முகத்தைத் தந்தையார் எழுந்துவந்து கைக்குட்டையால் துடைத்துவிடும் காட்சி ஒன்று அதில் உண்டு.

கேள்வி: கொடைக்கானல் மலைப்பாதையில் கேட்பதற்கு ஒரு பாட்டு சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

பதில்: பில் விதர்ஸின் ‘லவ்லி டே’, 1977. முடிவுக்குச் சற்று முன் ஒரே சொல்லை ஒரே மூச்சில் 18 விநாடி பிடிக்கிறார். கொண்டையூசி வளைவில் நீங்களும் மூச்சைப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுகளாகக் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே பாட்டு எழுதுகிறேன். இந்தப் பாடகர்களில் என்னைப் போலத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர் எவரேனும் உண்டா? (கப்பலூர் தொழிற்பேட்டைத் தொழிலாளி)

பதில்: மேலே உள்ள மாணவருக்குச் சொன்ன அதே மனிதர்தான். பில் விதர்ஸ் 1938இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர், சிறுவயதிலிருந்தே திக்குவாய், ஒன்பது ஆண்டுகள் கடற்படையில் இருந்துவிட்டு, கலிபோர்னியாவில் விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தபோது வயது 32. அதன் மேலட்டையில், கையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் அந்தத் தொழிற்சாலையின் சுவரருகே நிற்கிறார்; உணவு இடைவேளையில் எடுத்த படம். பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று, இசைத்தட்டு வந்த பிறகும் அவர் உடனே வேலையை விடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டாரிடம் சொல்லப் பயன்படும்.

அந்த இசைத்தட்டில் உள்ள ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டின் நடுவில் ‘ஐ நோ, ஐ நோ’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதி வருகிறதல்லவா? எண்ணிப் பார்த்தால் 26 முறை. அது இட்டு நிரப்பிய சொல். அந்த இடத்துக்கு வேறு வரிகளை எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விதர்ஸ் நினைத்திருந்தார். பதிவு அறையில் இருந்த மற்றக் கலைஞர்கள், இப்படியே விட்டுவிடு என்றார்கள். புக்கர் டி. ஜோன்ஸ் தயாரிப்பாளர், டிரம்ஸில் அல் ஜாக்சன், கிட்டாரில் ஸ்டீபன் ஸ்டில்ஸ், எல்லாரும் பெயர் பெற்றவர்கள். நான் தொழிற்சாலைக்காரன், இவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டுக்கொண்டேன் என்று விதர்ஸ் பின்னாளில் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டை நிறுவனம் முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் வைத்திருந்தது. வானொலிக்காரர்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1985க்குப் பிறகு புதிய இசைத்தட்டு எதையும் வெளியிடாமல் தாமாகவே ஒதுங்கிக்கொண்டு, 2020இல் தமது 81ஆம் வயதில் காலமானார்.

கேள்வி: நான் தவில் பயில்கிறேன். ஃபங்க் இசையில் ‘தி ஒன்’ என்கிறார்களே, அது தாளச் சுற்றின் தொடக்க அடியான நம்முடைய சமம்தானா? (வாசகர், மேலூர்)

பதில்: ஏறக்குறைய அதுதான், ஆனால் நாம் சமத்தை நடத்தும் விதமும் அவர்கள் நடத்தும் விதமும் வேறு. தவிலில் தீர்மானம் வைத்துச் சுற்றிச் சுழன்று வந்து சமத்தில் விழும்போது அது வீடு திரும்புவதைப் போல இருக்கும். அதுவரை கேட்பவரைத் தவிக்கவிடுவதில்தான் சுவை. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தவிக்கவிடுவதில்லை. நாலு எண்ணிக்கைச் சுற்றில் இரண்டிலும் நாலிலும் கைதட்டுவது அதுவரை அமெரிக்கப் பாட்டில் இருந்த வழக்கம். பிரவுன் அந்த அழுத்தத்தை முதல் எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த முதல் அடியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழ வேண்டும். விழுந்தபின் கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஊதுகருவிகள் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு துண்டை, பிறர் விட்ட இடைவெளியில் மட்டும் வாசிக்க வேண்டும். அங்கே கிட்டாரும் தாளக் கருவி, சாக்ஸபோனும் தாளக் கருவி. நையாண்டி மேளத்தில் பம்பையும் தவிலும் ஒன்றின் மூச்சு விடும் இடத்தில் மற்றொன்று புகுந்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காதோடு 1967இல் வந்த ‘கோல்ட் ஸ்வெட்’ பாட்டைக் கேளுங்கள். சுருதி மாற்றங்கள் அநேகமாக இல்லை. நகர்வதெல்லாம் தாளம்.

பிரவுன் கண்டிப்பானவர். தவறாக வாசித்தாலும், காலணி பளபளக்காவிட்டாலும் அபராதம் உண்டு. மேடையில் ஆடிக்கொண்டே தவறு செய்தவரைப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டுவார், அதுதான் தொகை. ரசிகர்கள் அதையும் நடனத்தின் பகுதி என்று நினைத்துக் கைதட்டுவார்கள். 1970இல் ஊதியத் தகராறில் குழுவினர் விலகியபோது சின்சினாட்டியிலிருந்து அவர் வரவழைத்த இளைஞர்களில் ஒருவர் 18 வயது பூட்ஸி காலின்ஸ். பேஸ் கிட்டாரில் அந்தப் பையன் கைபோன போக்கில் சுரங்களை அள்ளிக் கொட்ட, முதல் அடியை மட்டும் எனக்குக் கொடு, மீதியில் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பதுதான் பிரவுன் நடத்திய பாடம் என்று காலின்ஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். தவில் ஆசிரியர் எவரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட மாட்டார்.

இதே கேள்வியின் தொடர்ச்சியாக இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரவுனின் டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் முறையாகப் பயின்றவர் அல்லர். சட்டனூகா நகரத்தில் வளர்ந்தபோது சுற்றிலும் கேட்ட ஆலை ஓசையும் ரயில் ஓசையும்தான் அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தன. மதுரை ரயில் நிலையத்தை ஒட்டிய பஞ்சாலைத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1969 நவம்பர் 20ஆம் தேதி சின்சினாட்டியில் பதிவான ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில், மற்றவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பிரவுன் இவரைத் தனியாக வாசிக்க விடுகிறார். ஏறக்குறைய 20 விநாடிதான். அந்த 20 விநாடியை வெட்டி எடுத்து அடித்தளமாக வைத்து உருவான ராப் பாட்டுகள் ஆயிரத்துக்கு மேல். பாட்டின் உரிமை அதை எழுதியவராகப் பதிவானவருக்கும் நிறுவனத்துக்கும் உரியது. வாசித்த கைக்கு அதில் பங்கு கிடையாது. எனவே ஸ்டபில்ஃபீல்டுக்கு உரிமைத்தொகை என்று எதுவும் வரவில்லை. அவர் நோயுற்றபோது மருத்துவச் செலவின் பெரும்பகுதியைப் பாடகர் பிரின்ஸ் ஓசையின்றிச் செலுத்தியிருந்தார் என்பது பிரின்ஸ் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. ஸ்டபில்ஃபீல்ட் 2017இல் காலமானார். கடைசி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்ததும், பல ஆண்டுகள் வாரந்தோறும் வாசித்ததும், ரெட்டிங்கின் விமானம் போய்ச்சேராத அதே மேடிசன் நகரத்தில்.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கும் முறையை யார் கண்டுபிடித்தார்? (வாசகர், ஆரப்பாளையம்)

பதில்: லேரி கிரஹாம் என்று பொதுவாகச் சொல்வார்கள், கண்டுபிடித்தார் என்பதைவிட வேறு வழியின்றிச் செய்தார் என்பதே சரி. தாயார் பியானோ வாசித்துப் பாடிய ஒரு சிறு குழுவில் அவர் கிட்டார் வாசித்தார். ஆர்கனின் கால்கட்டைகளை மிதித்துக் கீழ்ச்சுரத்தையும் அவரே கொடுத்துவந்தார். ஒருநாள் ஆர்கன் பழுதானது. தற்காலிகமாக ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கனைச் சரிசெய்யவே முடியாது என்று தெரிந்தது. பிறகு டிரம்ஸ் வாசித்தவரும் இல்லாமல் போனார். காலால் மிதிக்கும் பெரிய டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரலால் தந்தியை அறைவதும், சிறிய டிரம்முக்குப் பதிலாக விரலால் சுண்டி இழுப்பதுமாக, ஆள் இல்லாத குறையை ஒரே கையால் ஈடுகட்டினார். அந்த வாசிப்பைக் கேட்ட ஸ்லை ஸ்டோன் தமது குழுவில் சேர்த்துக்கொண்டார். 1970இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ‘தேங்க் யூ’ பாட்டில் அந்தக் கட்டைவிரல் தெளிவாகக் கேட்கும். கடைசி நேரத்தில் டிரம்ஸ்காரர் வராமல் திருவிழாக் கச்சேரியை ஒப்பேற்றிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அடுத்த முறை முயன்று பாருங்கள்.

கேள்வி: மோட்டவுன், ஸ்டாக்ஸ் என்ற இரு இசைத்தட்டு நிறுவனங்களில் எது உயர்ந்தது? (வாசகர், அண்ணாநகர், மதுரை)

பதில்: உயர்வு தாழ்வு பேசினால் தீராது, பதிவுக்கூடத்தைச் சொல்கிறேன், ஒலி தானாகப் புரியும். ஸ்டாக்ஸ் இயங்கியது மெம்ஃபிஸ் நகரத்தில் மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையில். இருக்கைகளைப் பிடுங்கினார்கள், ஆனால் பின்வரிசைக்கும் திரை தெரிவதற்காகச் சரித்துக் கட்டியிருந்த தரையை நிரவப் பணம் இல்லை. சரிவான தரையும் உயர்ந்த கூரையுமாக இருந்த அந்த இடத்தில் ஒலி எதிரெதிர்ச் சுவரில் மோதிக் குழம்பாமல் கனத்துத் திரும்பியது. இடைவேளையில் மிட்டாய் விற்ற இடம் இசைத்தட்டுக் கடையாயிற்று. தங்கம் தியேட்டரில் படம் பார்த்த தலைமுறைக்கு, காலிக் கொட்டகையில் ஒரு கைதட்டல் எப்படி ஒலிக்கும் என்பது தெரியும். 1962இல் அங்கே ஒரு பாடகருக்காகக் காத்திருந்த கலைஞர்கள் பொழுதுபோக்காக வாசித்து, பின்பக்கத்தை நிரப்பப் பதிவான துண்டுதான் ‘கிரீன் ஆனியன்ஸ்’. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது வயது 17.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஒரு வீடு. 1959இல் பெர்ரி கோர்டி குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. தாழ்ந்த கூரையுள்ள சிறு அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்து, நாள் முழுவதும் பதிவு செய்தார்கள். அங்கே எல்லாம் மெருகு. ஸ்டாக்ஸில் எல்லாம் சொரசொரப்பு. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். ஆயினும் மோட்டவுனின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜாமர்சன் ஒருவருக்காகவே அந்த வீட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். மார்வின் கே பாடிய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டுக்கு அவரை மதுக்கடையிலிருந்து அழைத்து வந்தார்கள் என்றும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாத நிலையில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்து முடித்தார் என்றும் சொல்வார்கள். அந்தப் பாட்டில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். பாடுபவருக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா அமைத்த பாட்டுகளில் பேஸ் கிட்டார் நடக்கும் நடையைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஜாமர்சன் அந்நியராகத் தோன்ற மாட்டார். 1971இல் வந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டுக்கு முன்னால், மோட்டவுன் தட்டுகளின் அட்டையில் கருவி வாசித்த கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கமே இல்லை.

கேள்வி: ஒலிப்பதிவுப் பொறியியல் படிக்கிறேன். பழைய பதிவுகளில் பிழைகள் அப்படியே இருக்கின்றனவே, ஏன் திருத்தவில்லை? (மாணவி, திருப்பரங்குன்றம்)

பதில்: சிலவற்றைத் திருத்தத்தான் செய்தார்கள்; திருத்தம் வெளியே வரவில்லை. 1966இல் அலபாமா மாநிலத்தில் மருத்துவமனை உதவியாளராக இருந்த பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாட்டில் ஊதுகருவிகளின் சுருதி விலகியிருக்கிறது என்று வெளியிடும் நிறுவனம் சொன்னது. அவற்றை மட்டும் புதிதாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார்கள். அச்சுக்குப் போனதோ பழைய நாடா. பாட்டு முதலிடத்துக்குப் போனபின் எதைத் திருத்துவது? மார்வின் கே ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டை இரண்டு முறை பாடி, எது நன்று என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டபோது, பொறியாளர் கைதவறி இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டார். தம் குரலோடு தாமே பேசிக்கொள்வது போல இருந்த அந்த ஒலி அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு அதையே தம் பாணியாக ஆக்கிக்கொண்டார்.

பன்னிரண்டு வயது ஸ்டீவி வொண்டர் சிகாகோ மேடையில் பாடிய ‘ஃபிங்கர்டிப்ஸ்’ இன்னும் வேடிக்கை. பாட்டு முடிந்து அடுத்த பாடகருக்கான பேஸ் கலைஞர் வந்து நிற்கிறார். சிறுவன் திடீரென்று மேடைக்குத் திரும்பி மறுபடியும் தொடங்கிவிடுகிறான். எந்தச் சுருதி, எந்தச் சுருதி என்று அந்தப் பேஸ் கலைஞர் பதறிக் கத்துவது இசைத்தட்டில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1963இல் முதலிடம் பெற்றதும் அந்தக் கத்தலோடுதான். உங்கள் கல்லூரிக் கணினியில் அதை ஒரு நொடியில் துடைத்துவிடலாம். தயவுசெய்து துடைக்காதீர்கள்.

கேள்வி: ‘மிட்நைட் டிரெயின் டு ஜார்ஜியா’ பாட்டில் வரும் ரயில் உண்மையில் இருந்ததா? பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன். (சென்னையில் பணிபுரியும் மதுரைக்காரர்)

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுக்க மனமில்லை, அது முதலில் விமானம். நடிகை ஃபேரா ஃபாசெட், நள்ளிரவு விமானத்தில் ஹூஸ்டனுக்குப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு ஜிம் வெதர்லி எழுதிய பாட்டு அது. சிஸி ஹூஸ்டன் என்ற பாடகி பதிவு செய்ய வந்தபோது, எங்கள் மக்கள் ஜார்ஜியாக்காரர்கள், அவர்கள் விமானத்திலா போனார்கள், ரயிலில்தானே போனார்கள் என்று கேட்டு மாற்றச் சொன்னார். அதன்பிறகு 1973இல் கிளாடிஸ் நைட் பாடியபோதுதான் உலகம் கேட்டது. அவரும் ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் பிறந்தவர். பெருநகரத்தில் ஜெயிக்க முடியாமல் ஊர் திரும்புகிறவனோடு தானும் கிளம்பும் பெண்ணின் பாட்டு அது. திண்டுக்கல் தாண்டியதும் அதைக் கேட்டால் விமானம் நினைவுக்கு வராது.

கேள்வி: பழைய அமெரிக்க இசைத்தட்டு ஒன்று கிடைத்தது; நடுவில் ஓட்டை பெரிதாக இருப்பதால் என் கருவியில் நிற்கவில்லை. மேலும் ஒரே பாட்டு ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று இரு பக்கமும் இருக்கிறதே? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் அமெரிக்கச் சிறு தட்டுகளுக்குப் பெரிய ஓட்டைதான் வழக்கம், நடுவில் பொருத்தும் சிறு பிளாஸ்டிக் வில்லை ஒன்று போதும். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே கொள்ளும் தட்டில், பத்து நிமிடம் ஓடக்கூடிய ஃபங்க் பாட்டை அடக்க முடியாமல் நடுவில் வெட்டி இரு பக்கமும் வைத்தார்கள். ஜேம்ஸ் பிரவுனின் தட்டுகள் பல அப்படித்தான். ஆட்டத்தின் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்புவதும் அந்தக் காலத்து ரசிகனின் கடமை.

கேள்வி: சலூன் வைத்திருக்கிறேன். கடையில் நாள் முழுவதும் பாட்டு ஓடும். எங்கள் தொழிலுக்கும் இந்தப் பாட்டுகளுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (வாசகர், கீழவாசல்)

பதில்: உண்டு, அதுவும் பெரிய சம்பந்தம். ஃபங்க் இசையின் இன்னொரு தூணான ஜார்ஜ் கிளின்டன், நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்ட் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கடையின் பின்னறையில் நண்பர்களோடு சேர்ந்து குரலிசை பயின்றுதான் ‘பார்லமென்ட்ஸ்’ குழு உருவானது. வாடிக்கையாளர் தலைமுடியை நேராக்கிக்கொண்டிருந்த கை, பிறகு ‘பார்லமென்ட்’, ‘ஃபங்கடெலிக்’ என்ற இரு குழுக்களை ஒரே நேரத்தில் நடத்தி, எழுபதுகளில் மேடையில் விண்கலத்தையே இறக்கிக் காட்டியது. அந்த ஆரவாரம் எனக்கு அவ்வளவாக ஈர்ப்பில்லை. ஆனால் 1971இல் வந்த ‘மேகட் பிரெய்ன்’ என்ற பத்து நிமிடத் துண்டு வேறு வகை. உன் தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்ததாக நினைத்துக்கொண்டு வாசி என்று கிட்டார் கலைஞர் எடி ஹேஸலிடம் கிளின்டன் சொன்னார். மற்றவர்களும் உடன் வாசித்தார்கள். ஒலிக்கலவையின்போது அவர்களுடைய ஒலியைக் கிளின்டன் ஏறக்குறைய முழுவதும் இறக்கிவிட்டு, அந்தக் கிட்டாரைத் தனியே அழவிட்டார். கூட்டம் இருக்கும் நேரத்தில் கடையில் போடாதீர்கள். இரவு கடைசி வாடிக்கையாளர் போனபின் தரையைப் பெருக்கும்போது போட்டுக் கேளுங்கள்.